எது முதன்மைச் சாலை?

கதையைச் சந்தேகத்தோடு வாசிக்கிறோம். செய்தியையும் இப்போதெல்லாம் சந்தேகத்தோடுதான் வாசிக்கிறோம். வரைபடத்தை மட்டும் யாரும் அப்படி வாசிப்பதில்லை. இருப்பதை இருப்பதாகக் காட்டுவது அதன் வேலை என்று நம்பிவிடுகிறோம். ஆனால், எல்லாவற்றையும் வரைந்த வரைபடம் உலகில் எங்கும் கிடையாது. எதை வரைவது, எதை விடுவது, எதைத் தடித்த கோட்டில் காட்டுவது, எதற்குப் பெயர் எழுதுவது என்று யாரோ முடிவெடுத்த பிறகே அது நம் கைக்கு வருகிறது. அந்த முடிவுகளுக்குப் பின்னால் ஒரு பார்வை இருக்கிறது. ஆகவே வரைபடமும் ஒரு பிரதிதான். அதையும் விமர்சனத்துக்கு உட்படுத்தலாம்.

நான் இங்கே வாசிக்க எடுத்துக்கொள்வது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிவைத்த முயற்சி இது. அந்நாட்டு அரசின் நில அளவைத் தரவுகள் கட்டணத்துக்கும் உரிமத்துக்கும் பின்னால் பூட்டிக்கிடந்த காலம் அது. மக்களே கூடி ஒரு வரைபடத்தை வரைந்து, எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்துவிடுவது என்பதே திட்டம். விக்கிப்பீடியாவைப் போல இதையும் யார் வேண்டுமானாலும் திருத்தலாம். 2010 ஹெயிட்டி நிலநடுக்கத்தின்போது மீட்புப் பணியாளர்கள் இதை நம்பி வேலைசெய்தார்கள். வழிகாட்டும் செயலிகள் பலவற்றின் அடியில் இன்று இருப்பது இந்த வரைபடம்தான். நானும் சில ஆண்டுகளாக ஓய்வு கிடைக்கும்போது என் ஊரையும் சுற்றுப்புறத்தையும் இதில் வரைந்துவருகிறேன். ஒரு நிறுவனத்தின் சொத்தாக இல்லாத வரைபடம் நமக்கு வேண்டும் என்று நம்புகிறேன். அந்த நம்பிக்கை இருப்பதால்தான் இந்தக் கேள்வியும் வருகிறது: யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றால், எதை வேண்டுமானாலும் திருத்த முடியுமா? விடைகளை நிரப்பும் உரிமை நமக்கு இருக்கிறது. கேள்வித்தாளைத் தயாரித்தது யார்?

ஏணியின் படிகள்

ஒரு கோட்டை வரைந்து அது சாலை என்று சொன்னவுடன் வரைபடம் கேட்கும் முதல் கேள்வி, அது எந்த வகைச் சாலை என்பது. வகைகள் ஏணிப்படிகளைப் போல அடுக்கப்பட்டிருக்கின்றன. உச்சியில் மோட்டார்வே. அதன்கீழ் டிரங்க், பிரைமரி, செகண்டரி, டெர்ஷியரி, அன்கிளாசிஃபைட், ரெசிடென்ஷியல். இவற்றுக்கும் கீழே வயலுக்குப் போகும் வண்டித்தடம், நடைபாதை, வெறும் பாதை.

இந்த ஏணி இங்கிலாந்தின் சாலை நிர்வாகத்திலிருந்து வந்தது. அங்கே 1920களில் சாலைகளை முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று பிரித்ததன் நோக்கம், எந்தச் சாலையின் பராமரிப்புக்கு எவ்வளவு மானியம் கொடுப்பது என்று முடிவுசெய்வதுதான். இந்தியாவிலும் கதை அதிகம் வேறல்ல. 1943இல் நாக்பூரில் கூடிய தலைமைப் பொறியாளர்கள் போட்ட திட்டம்தான் தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை, கிராமச் சாலை என்ற பிரிவினைக்கு அடித்தளம். இந்திய வரைபடத் தன்னார்வலர்கள் இரண்டையும் பொருத்திக்கொண்டார்கள். தேசிய நெடுஞ்சாலையை டிரங்க் என்றும், மாநில நெடுஞ்சாலையை பிரைமரி என்றும், மாவட்ட முக்கியச் சாலையை செகண்டரி என்றும் பொதுவாகக் குறிக்கிறார்கள். எந்த அரசு எந்தச் சாலைக்குப் பணம் செலவிடும் என்ற கணக்கு, எந்தச் சாலை முக்கியமானது என்ற தீர்ப்பாக மாறிவிட்டது.

இதில் ‘அன்கிளாசிஃபைட்’ என்ற படி விசித்திரமானது. வகைப்படுத்தப்படாதது என்று பொருள்படும் இச்சொல் இங்கே ஒரு வகையின் பெயர். வகை தெரியாத சாலை என்று நினைத்துவிடாதீர்கள் என விளக்கக் குறிப்பு எச்சரிக்கும் அளவுக்குக் குழப்பமானது. மானியக் கணக்கில் இடம்பெறாத சிறு சாலைகளை இங்கிலாந்து அதிகாரிகள் அப்படிக் குறிப்பிட்டார்கள். அதே சொல் இன்று நம் ஊரின் மீதும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வகை என்பது பெயர்ச்சீட்டு மட்டும் என்றால் கவலை இல்லை. திரையில் எது தெரியும் என்பதையும் அதுதான் தீர்மானிக்கிறது. மேல்படிச் சாலைகள் தடித்த கோடாக, நிறத்தோடு, வெகு தொலைவிலிருந்தே தெரியும். நடைபாதையைப் பார்க்க வேண்டுமென்றால் மிக நெருங்கிப் போக வேண்டும். அப்போதும் அது மெல்லிய புள்ளிக்கோடுதான்.

என் அம்மாவின் ஊர் காவிரிப் பாசனப் பகுதியில் இருக்கிறது. அங்கிருந்து தேசிய நெடுஞ்சாலைக்கு நான்கு கிலோமீட்டர். கல்யாணம், ஆஸ்பத்திரி, துக்கம் என்று ஆண்டுக்கு ஐந்தாறு முறை அம்மா அந்தச் சாலையைத் தொட்டிருந்தால் அதிகம். வீட்டிலிருந்து குளத்துக்கும், குளத்திலிருந்து வயலுக்கும், வயலிலிருந்து ரேஷன் கடைக்கும், கடையிலிருந்து அங்கன்வாடிக்கும் அவர் தினமும் நடந்தார். அந்த நடையில் பெரும்பகுதி ஒரு வாய்க்கால் கரைமேல். ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் அதுதான் முதன்மைச் சாலை. ஏணியில் அதற்குக் கடைசிப் படி. ஒரு லாரி அதில் போக முடியாது என்பதே காரணம்.

இந்தப் பார்வை வரைபடத்தில் மட்டும் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வேலைக்கு எவ்வளவு தூரம் எப்படிப் போகிறீர்கள் என்று கேட்டது. விவசாயிகள், விவசாயக் கூலிகள், வீட்டுத் தொழில் செய்வோர் தவிர்த்த ‘இதரத் தொழிலாளர்’களிடம் மட்டுமே கேட்டது. நாற்று நடப் போகிறவளின் நடை கணக்கில் இல்லை. தண்ணீருக்கும் பள்ளிக்கும் போகும் நடை எங்குமே இல்லை. ஓஎஸ்ஆர்எம் என்ற திறந்த மூலநிரல் வழிகாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நடப்பவருக்கு அது வைத்திருக்கும் இயல்பு வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர். கையில் எதுவும் இல்லாமல் தனியாக நடப்பவரின் வேகம் அது. இடுப்பில் குடமும் கையில் பிள்ளையுமாக நடப்பவளுக்கு அந்த வழிகாட்டி சொல்லும் நேரத்தில் எதுவும் நடக்காது.

இட்டேரியும் முடுக்கும் ஒழுங்கையும்

தமிழ் தன் பாதைகளுக்கு வேறு விதமாகப் பெயரிட்டிருக்கிறது. கொங்குப் பகுதியில் இட்டேரி என்றால் இருபுறமும் வேலி வளர்ந்த, தோட்டங்களுக்கு நடுவே போகும் தடம். தென்மாவட்டங்களில் முடுக்கு என்றால் இரண்டு சுவர்களுக்கு நடுவே ஆள் போகும் இடுக்கு. யாழ்ப்பாணத்தில் ஒழுங்கை. மதுரையில் சந்து. வயலில் வரப்பு, கரட்டில் கொடிவழி. இந்தச் சொற்களைக் கேட்டாலே பாதையின் அகலமும் அதன் ஓரத்தில் என்ன இருக்கிறது என்பதும் புரிந்துவிடும். பொழுது சாய்ந்தபின் அதில் தனியாகப் போகலாமா என்பதும் பாதி புரிந்துவிடும். ஏணியில் ஏற்றும்போது இவையெல்லாம் இரண்டு மூன்று குறிச்சொற்களுக்குள் கரைந்துபோகின்றன. இட்டேரியும் வரப்பும் ஒரே ‘பாதை’.

அதற்காக நம் பழைய வகைப்பாட்டைக் கொண்டாடவும் முடியாது. அதற்கும் ஓர் ஏணி இருந்தது. உச்சியில் தேரோடும் வீதி. யார் எந்தத் தெருவில் செருப்போடு நடக்கலாம், யார் நடக்கவே கூடாது என்று அந்த ஏணி விதித்தது. 1924இல் வைக்கத்தில் நடந்த போராட்டமே கோயிலைச் சுற்றியிருந்த சாலைகளில் நடக்கும் உரிமைக்கானது. நாகம்மையாரும் கண்ணம்மாளும் அதில் தெருவுக்கு வந்தார்கள். ஊர் என்றும் சேரி என்றும் நிலத்தைப் பிரித்து எழுதிய பழைய வருவாய் ஆவணங்களும் வகைப்பாடுகள்தான். சாலையை வகைப்படுத்துவதில் எப்போதும் மனிதர்களை வகைப்படுத்துவதும் கலந்திருக்கிறது. ஆகவே, இது யாருடைய சொல் என்பதோடு, இந்தச் சொல் யாரை நடக்க விடுகிறது என்றும் கேட்க வேண்டும்.

பெயர்ப்பலகையின் சாட்சியம்

வகைக்கு அடுத்தது பெயர். இங்கே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் விதி எளிமையானது: தரையில் உள்ளதை எழுது. பலகையில் என்ன இருக்கிறதோ அதுதான் சாட்சியம். கற்பனைகளையும் விளம்பரங்களையும் தடுக்க இது நல்ல விதி. ஆனால், பலகை வைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று இந்த விதி கேட்பதில்லை.

தெருப் பெயர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. 2015இல் மேப்பாக்ஸ் நிறுவனத்தின் பெங்களூரு அலுவலகத்தில் பணியாற்றிய அருணா சங்கரநாராயணனும் சகாக்களும் சென்னை, மும்பை, லண்டன், பாரிஸ் உள்ளிட்ட நகரங்களைப் பார்த்தார்கள். ஆராய்ந்த தெருக்களில் பெண் பெயர் தாங்கியவை சராசரியாக 27.5 சதவீதம். 2016இல் உருவான ஜியோசிக்காஸ் என்ற லத்தீன் அமெரிக்கப் பெண் வரைபடக்காரர்களின் குழு, ஸ்பானிய மொழி பேசும் நகரங்களின் தெருக்களை இதே கேள்வியோடு வரைந்தது. இவை அவசியமான வேலைகள். ஆனால், எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்ள முடியாது என்பதற்குச் சென்னையே போதும்.

லாயிட்ஸ் சாலையின் இன்றைய பெயர் அவ்வை சண்முகம் சாலை. ஒரு கணினி நிரல் முதல் சொல்லைப் பார்த்து இதைப் பெண் பெயரென்று எண்ணக்கூடும். மேடையில் அவ்வையாராக நடித்துப் புகழ்பெற்ற டி.கே. சண்முகத்தின் பெயர் அது. பெண் வேடமிட்ட ஆணின் வழியாகத்தான் அவ்வை அந்தச் சாலைக்கு வந்து சேர்கிறாள். அடையாறில் டாக்டர் முத்துலட்சுமி சாலை இருக்கிறது. வாய்வழக்கில் அது இன்றும் எல்.பி. ரோடு. எழும்பூரில் மார்ஷல்ஸ் சாலை ருக்மணி லட்சுமிபதி சாலையாக மாறியது. மதராஸ் மாகாணத்தின் முதல் பெண் அமைச்சர் அவர் என்பது அவ்வழியே போகும் எத்தனை மாணவிகளுக்குத் தெரியும்? பலகை ஒரு பெயரைத் தரும். அதை நாவில் புழங்க வைப்பது வேறு வேலை.

பிறகு கண்ணகி நகர். நகரத்தின் நடுவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடிசைப்பகுதி மக்களை 2000ஆம் ஆண்டு முதல் குடியமர்த்திய இடம். வீட்டு வேலைக்குப் போய்வந்த பெண்கள் வேலையிடத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி வைக்கப்பட்டார்கள். நீதி கேட்டு நகரத்தை எரித்தவளின் பெயர், நகரத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்களின் முகவரியாகிவிட்டது. பெண் பெயர்களின் பட்டியலில் இதையும் ஒரு வெற்றியாக எண்ணுவோமா?

சாதிப் பெயர்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. எம்.ஜி.ஆர். ஆட்சிக் காலத்தில் சென்னைத் தெருப் பலகைகளிலிருந்து சாதிப் பின்னொட்டுகள் நீக்கப்பட்டன. பலகை ஜி.என். சாலை என்றது, ஆட்டோக்காரர் ஜி.என். செட்டி ரோடு என்றே சொன்னார். 2025 ஏப்ரலில், ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில் தெருக்கள், குடியிருப்புகள், நீர்நிலைகளின் சாதிப் பெயர்களை மாற்றுவதற்கான அரசாணை வந்தது. தரையில் உள்ளதை எழுது என்ற விதி இங்கே திணறுகிறது. பலகையில் அழிக்கப்பட்ட பெயர் ஊரார் வாயில் இருக்கிறது. அந்த வாய்வழக்கால் அவமதிக்கப்படுபவர்களும் அதே ஊரில்தான் இருக்கிறார்கள். பழைய பெயர், மாற்றுப் பெயர், உள்ளூர் வழக்குப் பெயர் ஆகியவற்றுக்கு வரைபடத்தில் தனித்தனி இடங்கள் உண்டு. ஆனால், வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒரு தலித் பெண்ணின் முகவரியைத் திரையில் தட்டினால் எது வந்து நிற்க வேண்டும் என்பது தொழில்நுட்பக் கேள்வி இல்லை. அந்தத் தெருவில் வசிப்பவர்களின் சொல்லுக்குப் பலகையைவிடவும் ஊர்வழக்கைவிடவும் அதிக எடை இருக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

‘உள்ளூர் அறிவு’க்கே முன்னுரிமை என்று இந்த வரைபடச் சமூகம் சொல்லும். நல்லதுதான். ஆனால், கல்யாணம் ஆனதும் ஊரைவிட்டுப் போகிறவள் எந்த ஊருக்கு உள்ளூர்க்காரி? பிறந்த ஊரின் பாதைகளை அறிந்த வயதில் அவளை அனுப்பிவிடுகிறோம். வாழ்க்கைப்பட்ட ஊரில் அவள் வந்தவள். தஞ்சைப் பகுதியில் அவளுடைய சொந்தப் பெயர்கூட நிற்பதில்லை. மன்னார்குடியிலிருந்து வந்தவள் மன்னார்குடியாள். ஆண்களின் பெயரைத் தெருக்களுக்கு வைக்கிறோம், ஊரின் பெயரைப் பெண்களுக்கு வைக்கிறோம்.

வாக்கெடுப்பில் தோற்ற குழந்தைக் காப்பகம்

புதிய குறிச்சொல் வேண்டுமென்றால் யாரும் முன்மொழியலாம், பிறகு வாக்கெடுப்பு நடக்கும். இந்த ஜனநாயகம் எப்படி வேலைசெய்தது என்பதற்கு ஒரு சான்று உண்டு. புவியியலாளர் மோனிகா ஸ்டீபன்ஸ் 2013இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் அதை அலசியிருக்கிறார். குழந்தைக் காப்பகத்துக்கென்று ஒரு குறிச்சொல் முன்மொழியப்பட்டது. மழலையர் பள்ளிக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே என்று வாதம் எழுந்தது. வாக்கெடுப்பில் முன்மொழிவு தோற்றது. அதே பட்டியலில் மதுவகம், இரவு விடுதி, ஆடை அவிழ்ப்பு நடனக் கூடம், பாலியல் தொழில் விடுதி ஆகியவற்றுக்கு நுணுக்கமான தனித்தனிக் குறிச்சொற்கள் இருந்தன.

யாரும் சதி செய்யவில்லை. எது தனித்துப் பெயரிடத் தக்கது என்பது அதை நாடிப் போகிறவர்களுக்குத்தான் தெரியும். பங்களிப்பாளர்களில் மிகப் பெரும்பான்மை ஆண்கள் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஏன் என்பதும் புதிர் இல்லை. இந்தியாவின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் 299 நிமிடங்கள் செலவிடுகிறாள், ஆண் 97 நிமிடங்கள். தன்னார்வ உழைப்புக்கு முதலில் நேரம் வேண்டும். காப்பகத்துக்கான குறிச்சொல் பின்னர் புழக்கத்தால் நிலைபெற்றது. வாக்கில் தோற்றதைத் தொடர்ந்து பயன்படுத்தியவர்கள் வெல்ல வைத்தார்கள். இது இந்த வரைபடத்தின் நல்ல பக்கம்.

கோலப்பொடியால் வரைந்த ஊர்

நம் ஊர்களில் பெண்கள் வரைபடம் வரையாமல் இல்லை. 1990கள் தொட்டு மக்கள் பங்கேற்புடன் கிராமங்களை மதிப்பிடும் முறை இங்கே பரவியது. பெண்கள் தெருவிலோ கோயில் திடலிலோ கூடி, கோலப்பொடியையும் விதைகளையும் கொண்டு தங்கள் ஊரைத் தரையில் வரைந்தார்கள். எந்த வீட்டில் தனித்து வாழும் பெண் இருக்கிறாள், எந்தக் குழாயில் தண்ணீர் வரும், எந்த வழியில் மழைக்காலத்தில் போக முடியாது என்பதெல்லாம் அந்த வரைபடத்தில் இருந்தன. அதில் சாலை பெரும்பாலும் மெல்லிய கோடு. தண்ணீர்தான் தடித்த கோடு.

அந்தப் படத்தைச் சார்ட் தாளில் நகலெடுத்து அலுவலகத்துக்குக் கொண்டுபோவார்கள். தரையில் உள்ளது மாலைக்குள் மிதிபட்டு அழியும். வரைந்தவர்களின் கையில் எதுவும் மிஞ்சாது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அழியாது, அதன் தரவு எல்லோருக்கும் சொந்தம். ஒன்றிடம் நமக்கு வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. மற்றொன்றிடம் நிலைத்த தாள் இருக்கிறது.

கட்டாயமும் விருப்பமும்

தமிழில் படர்க்கையில் ஒரு வினைமுற்றை முடிக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் எழுவாய் உயர்திணையா அஃறிணையா என்று தீர்மானித்தே ஆக வேண்டும். அந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு அப்படிப்பட்ட வாக்கியத்தை எழுதுவது கடினம். மொழி எதைக் கட்டாயமாகக் கேட்கிறதோ அதுவே அதன் உலகப் பார்வை. வரைபடத்துக்கும் இது பொருந்தும். சாலையின் வகை என்ன என்பது கட்டாயக் கேள்வி. அதைச் சொல்லாவிட்டால் அந்தக் கோடு சாலையாகவே ஆகாது. தெருவிளக்கு உண்டா? நடைமேடை உண்டா? தரை மண்ணா, தாரா? இவற்றுக்கும் குறிச்சொற்கள் இருக்கின்றன. எல்லாம் விருப்பப்பட்டால் நிரப்பலாம். விருப்பம் என்றால் பெரும்பாலும் காலி என்று பொருள்.

இரவுப் பணி முடிந்து ஆலை வண்டியிலிருந்து இறங்கும் ஒரு பெண்ணிடம் செயலி குறுக்குவழியைக் காட்டுகிறது. முந்நூறு மீட்டர் மிச்சம். அந்த முந்நூறு மீட்டரில் விளக்கு இல்லை என்பது அதற்குத் தெரியாது, அதனிடம் யாரும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும். அவள் சுற்றிப் போவாள். ஒவ்வொரு இரவும் அவள் கூடுதலாக நடக்கும் தூரம் எந்த வரைபடத்திலும் பதிவாகாது. ஊராட்சியில் விளக்கு கேட்டு மனுக் கொடுக்கும்போது காட்டுவதற்கு அவளிடம் ஒரு தாளும் இருக்காது.

ஆகவே நம் வேலை இரண்டு. இருக்கும் காலி இடங்களை நிரப்புவது முதல் வேலை: விளக்கு, தரை, நடைமேடை, அங்கன்வாடி, கழிப்பறை, தமிழில் பெயர். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், ஒரு கைப்பேசியும் ஊரைச் சுற்றிவர ஒரு மாலையும் போதும். கல்லூரியில் நான்கைந்து பேர் சேர்ந்தால் ஒரு வாரத்தில் ஒரு வார்டை முடித்துவிடலாம். இரண்டாவது வேலை கடினமானது. எந்தக் கேள்வி கட்டாயம், எது விருப்பம் என்ற பட்டியலையே விவாதத்துக்கு இழுப்பது. நடப்பவர்களின் எண்ணிக்கையும் ஒரு சாலையின் வகையைத் தீர்மானிக்கட்டும் என்று வாதாடுவது. தோற்றாலும் தொடர்ந்து பயன்படுத்துவது.

எல்லாவற்றையும் வரைந்துவிட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. வன்முறையிலிருந்து தப்பிவந்த பெண்கள் தங்கும் இல்லத்துக்குப் போகும் வழி வரைபடத்தில் இருக்கக் கூடாது. வெளிச்சமில்லாத காலையில் பெண்கள் ஒதுங்கப் போகும் தடத்தை ஊருக்கே காட்டத் தேவையில்லை. எதை வரையக் கூடாது என்று முடிவெடுக்கும் உரிமையும் அந்தப் பாதையில் நடப்பவளுடையது.

உங்கள் வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரைக்குமான வழியை ஒருமுறை திறந்து பாருங்கள். அதற்கு என்ன பெயர் எழுதியிருக்கிறது, எந்த வகை தரப்பட்டிருக்கிறது, விளக்குக்கான இடம் நிரப்பப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். காலியாக இருந்தால் அதை நிரப்பத் தகுதியான ஆள் நீங்கள்தான்.